வடிகாலை அடைக்கச் சொன்னது நான்

வடக்குத் தெரு,
திருத்துறைப்பூண்டி வழி.
சித்திரை 18

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, தங்கச்சி கயல் மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் அந்த அளவுக்காவது சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதாசி எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரமாக நீ போனை எடுப்பதே அபூர்வம், எடுத்தாலும் இரண்டு நிமிஷத்தில் டியூட்டி என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த இரண்டு நிமிஷமும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அது உனக்கும் தெரியும். முருகையன் மகன் செம்மொழி வியாழக்கிழமை நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறான், கவரை உன் கையில்தான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஒட்டினது ஒட்டினபடி வந்ததா என்று பார்த்து வாங்கிக்கொள். நல்ல பையன்தான், ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் அவனுக்குப் பலகாரம் மாதிரி.

இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. உளுந்து பறிக்கிற நேரம் பார்த்து நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டது, காய் செடியிலேயே முளைத்துவிட்டது, மாட்டுக்குப் போட்டாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, டவுன் டாக்டர் கீழே உட்காராதே என்றார், அவள் கீழே உட்கார்ந்துதான் அதை எனக்குச் சொன்னாள். கயல் வேளாண்மை ஆபீஸ் வேலைக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறாள். புது வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது, நிற்கட்டும். இதையெல்லாம் எழுதுவதற்கு நான் பேனாவை எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போக எனக்கு வாய் வரவில்லை.

மாசி மாதக் கடைசியில் நீ போன் செய்தாய், ஞாபகம் இருக்கும். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் நீ புல் பராமரிக்கிற ஸ்டேடியத்தில் நடக்கப்போகிறது, நீ வேலை பார்க்கிற நாட்டுக்கும் பக்கத்துத் தீவு நாட்டுக்கும் போட்டி, வடக்குப் பக்கம் கோல் போஸ்டுக்கு முன்னால் புதிதாகப் பதித்த புல் மஞ்சளடிக்கிறது, சூப்பர்வைசர் பச்சை காட்டவில்லை என்றால் எல்லோரையும் தொலைத்துவிடுவேன் என்கிறான், என்ன செய்யலாம் என்று கேட்டாய். என்னைக் கேட்டாய் பார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய ஸ்டேடியம், அதன் புல்லுக்கு இந்த அரசப்பனிடம் யோசனை கேட்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. நட்ட பயிர் வெளுத்தால் நாம் என்ன செய்வோமோ அதைச் சொன்னேன். அடியில் போகிற வடிகாலை அடைச்சுட்டு மூணு ராத்திரி தண்ணி கட்டு, நாலாம் நாள் தொறந்து வுடு, பச்சை கட்டலன்னா எம்பேரு அரசப்பன் இல்லடா என்றேன். பச்சை கட்டவும் செய்தது. நீ போட்டோ அனுப்பினாய். அதை டீக்கடையில் பத்துப் பேரிடம் காட்டினேன், முருகையனிடம் இரண்டு தடவை காட்டினேன்.

ஆட்டத்தன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கயல் தன் போனை நெல் அளக்கிற மரக்காலின் மேல் சாய்த்து வைத்தாள். உன் முகம் எங்காவது தெரியுமா என்று பார்க்கத்தான் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். எனக்கு அந்த ஆட்டத்தில் கோல் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நீ உப்புத் தின்கிற நாடு என்பதால் முதலில் அவர்கள் பக்கம்தான் இருந்தேன். அந்தத் தீவின் மொத்த ஜனமும் நம் தாலுகா அளவுக்குக்கூட வராது என்று கயல் சொன்னாள். ஒருவன் பள்ளிக்கூட வாத்தியாராம், ஒருவன் டாக்ஸி ஓட்டுகிறானாம், கோல்கீப்பர் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிப் போகிற படகில் வேலை பார்க்கிறவனாம். இந்தப் பக்கம் வேலையே பந்தாட்டம்தான் என்றிருக்கிற ஆட்கள். தீவுக்காரர்கள் பத்து கோல் வாங்கப்போகிறார்கள் என்று பேசுகிறார்களாம். ஆனால் அந்தப் படகுக்காரன் விடவில்லையே. நெஞ்சில் வாங்கினான், முகத்தில் வாங்கினான், ஒரு தடவை இரண்டு பேர் காலுக்கு நடுவில் விழுந்து பந்தைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் கழிந்தும் ஒரு கோல்கூட இல்லை. அவன் தாயார் பார்த்துக்கொண்டிருப்பாளா என்று அம்மா கேட்டாள். நான் எப்போது கட்சி மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது அந்தப் படகுக்காரன் வடக்குப் பக்கம் கோல் போஸ்டில் இருந்தான். நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அந்தப் பச்சைக்கு மேல். பந்தை நோக்கி ஓடி வந்தவன் வலது காலை ஊன்றினான், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. நடவு வயலில் புதைகிற மாதிரி கணுக்கால் வரை போய்விட்டது. புல் பாய் மாதிரி சுருண்டு விலகியது, அடியில் கறுப்பாகச் சேறு. அதைப் போனில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்தச் சேறு எனக்குத் தெரியும், அறிவு. அவனைப் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள், பதிலுக்கு வந்த பையன் கைக்கு வந்த பந்தையே நழுவவிட்டான், மீதி நேரத்தில் ஏழு கோல். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நான் கேட்டபோது அது பழைய மைதானம்ப்பா, அப்புடித்தான் இருக்கும் என்றாய். புதிதாகப் பதித்த புல் என்று நீயே சொன்னதை நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. கயலிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அது நெல்லு இல்லப்பா என்றாள். நெல்லின் வேருக்குத் தண்ணீருக்குள்ளேயே மூச்சுவிட வழி இருக்கிறதாம், அந்தப் புல்லுக்கு இல்லையாம், மூன்று நாள் தண்ணீர் நின்றால் மேலே பச்சையாக இருக்கும்போதே அடியில் வேர் அழுகிவிடுமாம். நாற்பது வருஷம் தண்ணீர் கட்டினவனுக்கு இது தெரியவில்லை. தெரியாததைவிட, தெரியாது என்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படகுக்காரனுக்கு முட்டிக்குள் நரம்பு மூன்று இடத்தில் அறுந்துவிட்டது, இனி ஆடமாட்டான், ஆடுகிற படகில் நிற்பதும் கஷ்டம் என்று கயல் பிறகு ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். நான் அவன் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை, ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன்.

பங்குனிக் கடைசியில் முத்துப்பேட்டை அன்சார் வந்தான். உன் அறையில் உன்னோடு இருந்தவன், நீ கொடுத்துவிட்ட தைலமும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தான். லீவா தம்பி என்று அம்மா கேட்டாள், ஆமாம் மாமி, ரெண்டு மாசம் என்றான். வருஷக் கடைசியில்தானே உங்களுக்கு லீவு என்று எனக்கு உறைத்தது. அவனைப் பஸ் ஏற்றிவிடுகிற சாக்கில் கூடவே நடந்து போய்க் கேட்டேன். நான் தோளைப் பிடித்து நிறுத்திய பிறகு சொன்னான். தீவு நாட்டுக்காரர்கள் மைதானத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள், அடைத்த வடிகாலைக் கண்டுபிடித்தார்கள், அந்த மூன்று ராத்திரியும் தண்ணீர் டியூட்டி பட்டியலில் இருந்தது அன்சார் பெயர். நோன்பு மாதத்து இரவுத் தொழுகைக்கு அவன் போக வேண்டும் என்று அந்த மாதம் முழுக்க அவன் ராத்திரி டியூட்டியை நீ பார்த்திருக்கிறாய். நல்ல காரியம்தான் செய்திருக்கிறாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை, நீ அறைக்குள் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. கம்பெனி அவனை நீக்கிவிட்டது, இனி அந்த நாட்டுக்குள் வேலைக்கு வர முடியாது என்று எழுதியும் கொடுத்துவிட்டது. அறிவு மேல கோவப்படாதீங்க மாமா, எனக்காக நின்னவனை நான் எப்புடிக் காட்டிக்குடுப்பேன், எங்க வீட்டுல லீவுன்னுதான் சொல்லிருக்கேன், நீங்களும் அப்புடியே வச்சுக்கங்க என்றான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

இனி எழுதப்போவதை நீ யாரிடமும் சொல்லாதே. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. போனது நம் பிள்ளையின் வேலை இல்லை என்று. அன்றைக்கு இரண்டு கைப்பிடி சோறு கூடவே சாப்பிட்டேன். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன்னைச் சொல்கிறேனே, நானும் அதே ஆள்தான்.

பத்து நாள் அப்படியே கடத்தினேன். பிறகு தாங்காமல் போன செவ்வாய்க்கிழமை முத்துப்பேட்டைக்குப் போனேன். அன்சார் வீட்டில் இல்லை, மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போயிருந்தான், லீவில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறானாம். அவன் அம்மா கமருன்னிஸா என்னை விடவில்லை, இலை போட்டுச் சோறும் மீன் குழம்பும் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பேசினார்கள். அண்ணே, இந்த வருசம் எம்புள்ள ஒரு நாள் வுடாம ராத்தொழுகை தொழுதுருக்கான், எல்லாம் ஒங்க மகன் செஞ்ச புண்ணியம், அஞ்சு வேளையும் ரெண்டு புள்ளைக்கும் சேத்துத்தான் துவா கேக்குறேன், இவன் லீவு முடிஞ்சு போறப்ப ஒங்க மகனுக்கும் ஊறுகா போட்டுக் குடுத்து வுடுறேன் என்றார்கள். நான் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். குழம்பு காரமாண்ணே என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆமாம் என்றேன்.

உன் தாத்தா முதுகில் இருந்த தழும்பை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்து என்ன என்று கேட்பாய், மாடு முட்டியது என்று நான் சொல்வேன். மாடு இல்லை. மிராசுதார் மகன் ராத்திரி மீன் பிடிக்க மதகைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனான், விடிவதற்குள் கதிர் முற்றின வயல் எல்லாம் படுத்துவிட்டது, தண்ணீர்க் காவல் உன் தாத்தா என்று சொல்லி அவரைத் தென்னை மரத்தில் கட்டி அடித்தார்கள். திறந்தவன் அங்கேதான் நின்றிருந்தான். தாத்தா சாகும் வரை அடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவன் பார்த்துக்கிட்டே நின்னாண்டா என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நம் குடும்பம் அந்த மரத்தடியில் இருந்து எழுந்து வந்த குடும்பம். இன்று அன்சாரைக் கட்டி வைத்திருக்கிறார்கள், நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பெனிக்கும் அந்தப் பந்தாட்டக் கழகத்துக்கும் எழுத்தில் கொடு. மூன்று ராத்திரியும் நின்றது நீ, வடிகாலை அடைத்தது நீ, அடைக்கச் சொன்னது உன் அப்பன் என்று என் பெயரையும் ஊரையும் போட்டே எழுது. உன்னை அனுப்பிவிடுவார்கள், அனுப்பட்டும். அதற்கு மேலும் ஏதாவது செய்வார்களோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனாலும் எழுது. அன்சாருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, படகுக்காரன் கால் கண்டிப்பாகத் திரும்பாது. அவன் பெயர் இருக்கிற தாளை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அவனுக்கும் இரண்டு வரி எழுது. ஆனியில் நம் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வரும்வரை பார்ப்பேன். அதற்குள் நீ எழுதவில்லை என்றால் நானே முத்துப்பேட்டைக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு அவர்கள் உனக்காகத் துவா கேட்பதும் கேட்காததும் அவர்கள் இஷ்டம்.

இவ்வளவு எழுதியும் உன் மேல் எனக்குக் கோபம் பாதிதான், மீதியெல்லாம் என் மேல்தான். உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நிமிர்ந்து நடந்து வீடு வந்து சேர வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள், அவளுக்குத் தெரிந்தாலும் அதைத்தான் சொல்லுவாள், கொஞ்சம் அழுதுவிட்டுச் சொல்லுவாள்.

ஒன்றை மறந்துவிடாதே. அன்சார் போன் செய்தால் எடு. நீ எடுப்பதில்லை என்று நேற்று எனக்கு போன் செய்தான். ஏதாவது கேட்கத்தான் கூப்பிடுகிறானோ என்று நீ பயந்திருப்பாய், நானும் பயந்துதான் என்னப்பா விஷயம் என்றேன். இல்ல மாமா, அறையில நாந்தான் சோறாக்குவேன், அவனுக்கு ஆக்கத் தெரியாது, சாப்புடுறானா என்னான்னு தெரியல, அதான் என்றான்.

இப்படிக்கு,
உனக்கு அந்த யோசனையைச் சொன்ன அப்பா,
அரசப்பன்