தேயாத பிரேக் கட்டை

வார்ஃபும், ஜூன் 9

அன்பு மகள் மார்லூஸுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் எங்கள் இரண்டு பேட்டரி சைக்கிள்களும் சௌக்கியம். அங்கே வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஈவாவும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் தொடங்கிவிட்டதா, ஈவாவின் இருமல் நின்றதா என்று எழுது. நம் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பழுத்துவிட்டது, பாதியைக் கரும்பறவைகள் தின்கின்றன, மீதியை உன் அப்பா தின்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ போனில் சொன்னபடி அப்பாவின் சைக்கிளை நான் விற்கவில்லை. கோபப்படாமல் கடிதத்தை முழுக்கப் படி. மார்ச் மாதம் அவர் பாலத்துப் பக்கம் வாய்க்காலில் விழுந்த நாளிலிருந்து எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. முப்பத்தொரு வருஷம் பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் எது ஏன் திரிந்தது என்று பார்த்தவள் நான், காரணம் தெரியாமல் எதையும் கொட்டிவிட எனக்கு மனசு வராது.

அன்றைக்கு மழையும் இல்லை, காற்றும் இல்லை. வாத்து ஒன்று குஞ்சுகளோடு பாதையைக் கடந்தது, உன் அப்பா அவற்றைக் காப்பாற்றிவிட்டுத் தாம் தண்ணீரில் இறங்கிவிட்டார். தொப்பியில் பாசியோடு வந்து நின்று, "நான் பிரேக் பிடிச்சேன் ஹில்லி, வண்டி நிக்கல, மோட்டார் தானா தள்ளுச்சு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சிரித்தேன், இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சைக்கிள் பழுது பார்க்கிற பெண் ரூலின், இரண்டு நாள் வண்டியை வைத்திருந்து, பிரேக்கும் சரி, மோட்டாரும் சரி என்று திருப்பித் தந்தாள். நீ போனில், "பிரேக் பிடிக்கவே மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ எதை நினைத்துக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும், நானும் அதையேதான் நினைத்தேன். அவருடைய அப்பா எழுபத்தைந்து வயதில் செருப்பை அடுப்புக்குள் வைத்தவர். இவருக்கு இப்போது எழுபத்தாறு. கண் பார்வை மங்கியதால் கார் லைசென்ஸ் ஏற்கெனவே போய்விட்டது, சைக்கிளும் போனால் எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கூடி மாலுமிப் பாட்டுகள் பாடுகிற அவருடைய கடல் பாட்டுக் குழுவும் போய்விடும். அந்த இருபது கிழவர்களில் கப்பலில் போனவர் ஒரே ஒருவர், அவருக்கும் வாந்தி வருமாம், ஆனாலும் உன் அப்பாவுக்கு வியாழக்கிழமை என்றால் அதுதான். அவர் திரும்பி வரும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

போன சனிக்கிழமை இரண்டு சைக்கிளையும் கொட்டகையில் நிறுத்திக் கோடைக்கு முன்னால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். முதலில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும், அதை நீயும் மறக்காதே, கை வைக்கிற நேரத்தில் சக்கரம் சுற்றினால் விரல் போய்விடும். உன் அப்பா தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அடிக்க வந்தார், மோட்டாருக்குள் தண்ணீர் போகும் என்று விரட்டிவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். டயரில் காற்று, செயினில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பேட்டரி உட்காருகிற இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, ஹேண்டில்பார் ஆடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் பிரேக் கட்டைக்கு வந்தேன். என் வண்டியில் கட்டை தேய்ந்து பிஸ்கட் கனம்தான் பாக்கி. அவர் வண்டியில் கடையில் வாங்கியபோது இருந்த மினுமினுப்புகூட மாறவில்லை. இரண்டும் போன செப்டம்பரில் ஒரே நாளில் வாங்கியவை, நான் ஓட்டியது ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், அவர் ஓட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரம். ரூலினைக் காபிக்குக் கூப்பிட்டேன், அவள் ஒரு பிஸ்கட் எடுத்ததும் நம் ஊர் வழக்கப்படி டப்பாவை மூடிவிட்டேன், பிறகு அவள் யோசிக்க வேண்டுமே என்று மறுபடி திறந்து வைத்தேன். அவள் கட்டையை விரலால் தடவிப் பார்த்து, "ஹில்லிம்மா, வண்டியில குத்தம் தேடி நான்தான் இதைக் கவனிக்காம விட்டுட்டேன். இவர் பிரேக்கே தொட்டதில்ல போலிருக்கே, அப்ப எப்படித்தான் நிறுத்துறாரு?" என்றாள். அதுதானே கேள்வி! வாசலுக்குப் போய் அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். வலது ஷூவின் முனை மட்டும் துருவிய சீஸ் மாதிரி தேய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடலணைப் பாதைக்குக் கிளம்பினேன், காரணம் சொல்லவில்லை. ஆளில்லாத நேர்ப்பாதையில் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று "நில்லுங்க!" என்று கத்தினேன். மார்லூஸ், நீ பார்த்திருக்க வேண்டும். கை இரண்டும் ஹேண்டில்பாரில் சும்மா கிடந்தன, கால் இரண்டும் வெடுக்கென்று பின்னால் மிதித்தன, பெடல் வெறுமனே சுற்றியது, வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு போனது, அப்புறம் வலது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார். "இப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "பிரேக் பிடிச்சேன்" என்றார். "எதால?" என்றேன். அவர் தம் கையைப் பார்த்தார், பிறகு குனிந்து காலைப் பார்த்தார். பன்னிரண்டு வயதிலிருந்து தம் பழைய கறுப்பு சைக்கிளில் பின்னால் மிதித்து நிறுத்தியே பழகியவர், கைப்பிரேக்கே அதில் கிடையாது. கடைக்காரர் புது வண்டியைக் காட்டி விளக்க வந்தபோது, பிறந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவனுக்குச் சொல்லித் தருகிறாயா என்று அவரை அனுப்பிவிட்டோம், நானும்தான் தலையாட்டினேன். நம் ஊரில் மேடேது, மிதிப்பதை விட்டால் வண்டி தானே மெதுவாகிவிடும், அவசரம் என்று ஒன்று அந்த வாத்து வரும்வரை வரவே இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இதுதான் போலிருக்கிறது. இன்னொன்றும் ரூலினிடம் தெரிந்துகொண்டேன். கைப்பிரேக்கை அழுத்தினால் மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும், பெடலை மட்டும் நிறுத்தினால் ஒரு மூச்சு நேரம் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். ஆக மோட்டார் தள்ளியது என்று அவர் சொன்னதும் உண்மை.

அவர் அணையின் புல்லில், ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையின் உள்பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஞாபக மறதிப் பரிசோதனைக்கு ஜூன் 23 காலை பத்து மணிக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, நமக்குச் சொல்லாமல் அவரே டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். "பிரேக் பிடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு ஹில்லி. நீங்க எல்லாரும் இல்லைன்னீங்க. அப்ப என் ஞாபகத்தையே நம்பக் கூடாதுபோலன்னு நினைச்சேன்" என்றார். மூன்று மாதமாக அந்தப் பயத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடல் பாட்டுப் பாடியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். ஷூவைத் திருப்பிப் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

நம் வண்டிகளில் மோட்டார் முன்சக்கரத்தில் இருப்பதால், பின்னால் மிதித்தால் நிற்கிற பின்சக்கரம் ஒன்றை அவர் வண்டிக்கு ரூலின் வரவழைத்துப் போடுகிறாள். அதுவரை வியாழக்கிழமைகளில் பஸ், முணுமுணுத்துக்கொண்டே போகிறார். சக்கரம் வந்த பிறகும் கைப்பிரேக்கை அழுத்தி அழுத்திப் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். 23ஆம் தேதிப் பரிசோதனைக்கும் போய்விட்டுத்தான் வரப்போகிறோம், அங்கே என்னென்ன கேள்வி கேட்பார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே ஆவல். முடிவு எதுவானாலும் இனி சேர்ந்தே தெரிந்துகொள்வோம்.

நீயும் சைக்கிள் கற்றது அந்தக் கறுப்பு வண்டியில்தான், நீ இருப்பதோ மலைச்சாலை, பின்னால் ஈவா உட்காருகிறாள். அதனால் உன் பிரேக் கட்டையை இந்த வாரமே பார், மாப்பிள்ளையைப் பின்னால் நின்று கத்தச் சொல்லி, உன் கை போகிறதா கால் போகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. ஈவாவுக்கு முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, அடுத்த முறை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, நேராக அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க பிரேக் பிடிச்சீங்கப்பா" என்று நீயே உன் வாயால் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஹில்லி