எட்டாம் வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி

ஜூலை 7, திங்கள்

மலையில் தூறல். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது வெயில், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற குளிர். ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை.

பி.எட். பயிற்சி இன்று தொடக்கம். காலேஜ் ஒதுக்கிய ஸ்கூல் மலை மேல். எட்டாம் வகுப்பு, வரலாறு. அந்தப் பாடத்தின் ஆசிரியர் தனபால் சார்தான் எனக்கு வழிகாட்டி. ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருப்பவர். பேச்சு கம்மி.

முதல் பீரியட். மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்து முடித்தும் பெல் அடிக்கவில்லை. போர்டைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். பிள்ளைகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கடைசி பெஞ்சில்.

"பாடம் கரெக்டு. ஆனா நீ போர்டுகிட்ட பேசிக்கினு இருந்தம்மா. அதுங்ககிட்ட பேசு."

வாங்க வேண்டியது: ஸ்வெட்டர், கலர் சாக்பீஸ், பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம்.

ஜூலை 8, செவ்வாய்

மூடுபனி. வகுப்பில் பகலிலும் லைட்.

பாடம்: வெள்ளைக்காரன் காலத்து வனச் சட்டம், அதை மலை மக்கள் எதிர்த்தது. சார் சொன்னது மனதில். பாடத்தைப் பிள்ளைகள் வாழ்க்கையோடு கோக்கச் சொல்லித்தான் காலேஜிலும் அனுப்பினார்கள். கேட்டேன்: "உங்க வூட்ல யார் யாரு காட்டுக்குப் போவாங்க?"

எல்லாக் கையும் மேலே. கடுக்காய் பொறுக்க. விறகுக்கு. தேனுக்கு. ஒரே இரைச்சல், எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றாக போர்டில் எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கோகிலா. சின்ன உருவம், கணீர்க் குரல்.

"எங்கப்பா செம்மரம் வெட்டப் போய்க்கிறாரு டீச்சர். ஆந்திராவுக்கு."

இரைச்சல் நின்றது. பக்கத்துப் பெண் அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். எனக்கு உறைக்கவில்லை. தேனுக்குக் கீழே செம்மரம் என்று எழுதினேன். சார் எழுந்து வந்து அதை மட்டும் உள்ளங்கையால் அழித்தார்.

அப்புறம் வராண்டாவில்: "அது திருட்டு வெட்டும்மா. மாட்னா ஜெயிலு. அப்பன் எங்கன்னு கேட்டா கேரளாவுல மிளகு பறிக்கிறாருன்னுதான் இங்க சொல்லணும். புள்ளைங்களுக்கே தெரியும். உன்கிட்ட பேசணும்ன்ற ஆசையில இவ சொல்லிட்டா."

அழிந்த இடம் சிவப்பாகவே இருந்தது. கலர் சாக்பீஸ் இன்றைக்குத்தான் கொண்டுபோயிருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பைக்கில் ஒரு ஆள். வண்டியை விட்டு இறங்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதான் புது டீச்சருங்களா? வரலாறுன்னா பழசுதானங்க. பழசு மட்டும் நடத்துங்க."

பைக் போய்விட்டது. யார் என்று டீக்கடையில் கேட்டேன். தெரியாது என்றார்கள். பத்து நிமிஷம் முன்பு அதே ஆளுக்கு டீ கொடுத்தவர்கள்.

அதற்கு முன், மதியம் தண்ணீர்க் குழாயடியில் கோகிலா. காலில் விளக்குமாற்றால் அடித்த தடம். "டீச்சர், நான் சொன்னத நீங்க யார்கிட்டயும் சொல்லலியே?"

"சத்தியமா இல்லம்மா."

"எங்கம்மா கேட்டுக்கினே இருக்குது."

ஜூலை 14, திங்கள்

கோகிலா வரவில்லை. பிரேயர் முடியும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசி. அவள் அப்பா இறந்துபோனார். ஓடும்போது பாறையிலிருந்து விழுந்துவிட்டதாக போன் வந்ததாம். யார் பேசினது? தெரியாது. யாரைப் பார்த்து ஓடினார்? அதுவும் தெரியாது. கூடப் போனவர்கள் போன் எடுக்கவில்லை.

வகுப்பில் எதைக் கேட்டாலும் தலை குனிகிறார்கள். போன வாரம் கை தூக்கின அதே பிள்ளைகள்.

டிபன் பாக்ஸை நாய்க்குக் கவிழ்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலேஜிலிருந்து மேடம் வந்தார், என் வகுப்பைப் பார்க்க. தேதி முன்பே வைத்தது, மாற்ற முடியாது என்றார். பாடத்தில் பாதி போயிருக்கும், ரோட்டில் ஆம்புலன்ஸ். சைரன் இல்லை. மலை ஏறும் முக்கல் மட்டும். அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "உக்காருங்க. எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க."

என் வாய்தான் சொன்னது.

உட்கார்ந்தார்கள். மிச்சப் பாடத்தை நடத்தினேன். மேடம் எழுதிக் கொடுத்தது: குரல் நன்று. கரும்பலகைப் பயன்பாடு நன்று. வகுப்புக் கட்டுப்பாடு போதாது.

ஜூலை 16, புதன்

விட்டு விட்டு மழை. கோகிலா வீட்டுக்குப் போனேன். தனபால் சார் வேண்டாம் என்றார், வரவும் இல்லை. சத்துணவு சமைக்கும் பச்சையம்மா அக்காதான் கூட வந்தது. தகர ஷீட் வீடு. வாசலில் ஈரம், பூ, பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு ஆள்: "பாடம் எடுக்க வந்தியா, துப்பு எடுக்க வந்தியா?"

அக்கா சண்டைக்குப் போனது. "அது இன்னா பண்ணுச்சு? சின்னப் பொண்ணு அது."

கோகிலாவின் அம்மா லட்சுமி சுவரில் சாய்ந்திருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போய்டும்மா. உன்னத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்ல."

உள்ளே கோகிலா, முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிடத் தைரியம் இல்லை.

இறங்கும்போது அக்கா: "நீ சொல்லித்தான் அங்க புடிச்சாங்கன்னு பேசிக்கிறாங்க. அந்தப் பொண்ணும் அதையே நம்பிக்கினு கிடக்குது. தன் வாயாலதான் அப்பன் செத்தான்னு."

ஜூலை 18, வெள்ளி

லீவு போட்டேன். அத்தா ஜும்ஆ தொழுகை முடித்து வந்து செருப்புக் கடையைத் திறக்கவில்லை, என்னோடு உட்கார்ந்தார். "டவுன் ஸ்கூலுக்கு மாத்திக் கேளு. உன் பேரு வேற பர்வீன்னு இருக்குது. எதுனா ஒண்ணுன்னா ஜாஸ்தியாத்தான் பேசுவாங்க."

அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது.

காலேஜில் போனில் கேட்டேன். மாற்றிக்கொள்ளலாமாம், காரணம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். கிழித்தேன். நான் போய்விட்டால் கோகிலா நம்புவது உண்மை என்றாகிவிடும்.

ஜூலை 21, திங்கள்

போனேன். சார் ஆச்சரியப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. நேராகச் சொன்னேன்: "கோகிலா இங்க சொன்னது இந்த ரூமைத் தாண்டி என்னால போகல. அவ சொன்னதுக்கும் அவங்கப்பா செத்ததுக்கும் சம்பந்தம் இல்ல. அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

கோகிலா பெஞ்சில் உட்காரும் சுதா எழுந்தாள். "அப்ப ஏன் டீச்சர் செத்தாரு?"

எந்த ஊர்ப் போரானாலும் காரணங்கள், விளைவுகள் என்று வரிசையாக எழுதிப் போடுவேன். இதற்கு ஒரு வரி வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

ஜூலை 23, புதன்

மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே பஸ்ஸில் ஏற லட்சுமியும் கோகிலாவும். சாக்கு மூட்டை, சட்டிபானை. கேரளா, மிளகுத் தோட்டம். இந்தத் தடவை நிஜமாகவே.

ஹாஸ்டல் இருக்கிறது, நான் பேசுகிறேன், படிப்பை நிறுத்த வேண்டாம் என்றேன். பதறிப் பதறி.

லட்சுமி கோபப்படவில்லை. "இங்க வுட்டுட்டுப் போனா இவளப் பாக்குறவன்லாம் அதையே கேப்பான். அங்க எவனுக்கும் தெரியாது."

கோகிலா ஜன்னலோரம். கீழே நின்று சொன்னேன்: "உன்னால இல்ல கோகிலா."

"சுதா சொன்னா டீச்சர்."

நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

டி.சி. வாங்கவில்லையாம். ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

காற்று. மழை இல்லை. தனபால் சாருக்குக் காய்ச்சல், அவர் பீரியடும் எனக்கே. அட்டெண்டன்ஸ் எடுத்தேன். வரிசையாகப் படித்துக்கொண்டே போனதில் கோகிலா பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை, "உள்ளேன் டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. நான் தலை நிமிரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.