பொறிவண்டுக் குஞ்சுகள்

அண்ணே,

இன்று காலை என் வீட்டு அவரைக் கொடிக்கு அடிக்க இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் சேர்த்து அரைத்தேன். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் நீங்கள் மாடியில் நிற்பதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். கரைசலை வடிகட்டி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். சாரம் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி முடிக்க வெகுநேரம் ஆகிறது. ஆனாலும் எழுத்து ஒவ்வொன்றாக வந்து நிற்பதைப் பார்த்தால் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மில்லில் அத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. பேப்பரை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன்.

நீங்கள் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது மாடி அவரைக் கொடியை என்னிடம் விட்டுப் போனீர்கள். கடையில் பூச்சிமருந்து வாங்கி அடிக்கக் கூடாது, மற்றதெல்லாம் இந்தச் சீட்டில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். நான் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நாலாம் நாள் தண்டு முழுக்க அசுவினிப் பூச்சி. நடுவே கறுப்பாக, முள் முள்ளாக, சின்ன முதலை மாதிரி புழுக்கள். இவைதான் கொடியைத் தின்கின்றன என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தபோது கொடியில் பிஞ்சு ஒன்றும் தேறவில்லை. புழு பொறுக்கிய கதையைச் சொன்னேன்.

"அது பொறிவண்டுக் குஞ்சுடா. அசுவினிய அதான் தின்னும். சீட்டப் படிச்சியா இல்லியா?"

"படிச்சேண்ணே."

"படிச்சிட்டுமா கொன்ன?"

நான் சோப்புத் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நீங்கள் அதற்கப்புறம் என்னை மாடிக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பக்கம் தோள் கொடுத்தவன் நான். அப்போதும் சொல்லவில்லை.

போன வாரம் அந்தச் சீட்டை எடுத்து நானே படித்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. கறுப்புப் புழுவைத் தொடாதே என்று இருந்தது. அது வராவிட்டால் மட்டும் இஞ்சி பூண்டுக் கரைசல் என்று இருந்தது. கடைசியில், 'உனக்கு வேல ஒண்ணும் இல்லப்பா. தெனம் ஒரு தடவ பாத்தா போதும்' என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுப் போய்க் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அண்ணே, நான் படித்துவிட்டுக் கொல்லவில்லை. படிக்கத் தெரியாமல் கொன்றேன்.

இப்போது யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "மெதுவாத்தான் படிப்பேன், செத்த இருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.