காகிதத்தில் இருந்த நம் சொல்

அன்பு மகள் ருக்கியாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிரில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். நிலம்பூரில் நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான். உன் தம்பி ஸைதலவியின் நாற்பதாம் நாள் ஓதல் வெள்ளிக்கிழமை முடிந்தது, வந்தவர்களுக்கு நெய்ச்சோறு பரிமாறினாளே தவிர உம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை.

உன் கடிதம் வந்தது அவனை அடக்கிய மறுநாள். ஆங்கிலேயன் 'டீக்' என்பது நம் தேக்குதான், போர்த்துகீசியன் இங்கே கேட்டுக்கொண்டு போய் 'டெக்கா' என்றான், அவனிடமிருந்து இவனுக்குப் போனது என்று எழுதி, மரக்கிடங்கில் வேலை பார்க்கிற தம்பிக்குப் படித்துக்காட்டுங்கள், சிரிப்பான் என்றும் எழுதியிருந்தாய். யாருக்கு மகளே படித்துக்காட்டுவேன்?

மூன்றாம் நாள் கிடங்கு மேனேஜர் வர்க்கி ஒரு காகிதத்தோடு வந்தான். "ஒண்ணுமில்ல காக்கா, நடந்ததத்தான் எழுதியிருக்கு, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்தான். எனக்குப் புரிந்தது டீக் என்ற ஒரு சொல்தான், இரண்டு மூன்று தடவை வந்தது. நம் சொல்லாயிற்றே, அது இருக்கிற காகிதத்தில் பொய்யா இருக்கப்போகிறது என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது, போட்டுக்கொடுத்தேன். கூட வேலை பார்த்த சங்கரன் போன வாரம் என்னிடமிருந்த நகலை வாங்கிப்போய் பள்ளிக்கூட மாஸ்டரிடம் படிக்கச் சொல்லியிருக்கிறான். குடித்துவிட்டுத் தேக்குத்தடி அடுக்கில் ஏறித் தடிகளைத் தன்மேலேயே உருட்டிக்கொண்டான் என்று இருக்கிறதாம். சங்கரன் வாசலிலேயே நின்று அழுதான். "அவன் பீடியே குடிக்க மாட்டான் காக்கா. தடி அடுக்கக் கட்டுற சங்கிலி தேஞ்சுபோச்சு, மாத்துங்கன்னு ரெண்டு தடவ சொன்னதே அவன்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றான்.

இரண்டு பேரும் தொழிலாளர் அலுவலகம் போனோம். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே பெரியவரே" என்றார் அதிகாரி. பிறகு சங்கரன் சொன்னதையும் எழுதிக்கொண்டார், விசாரணை வைப்பார்களாம். இப்போது இரண்டு காகிதமும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. மறுநாளே சங்கரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அவனோ விசாரணை என்றைக்கு என்றுதான் என்னிடம் கேட்கிறான்.

நீ அந்தச் சொல்லைப் பற்றி எழுதியதால்தான் இந்த வினை வந்தது என்று நினைத்து மனம் உடையாதே. படிக்காமல் போட்டது என் கை.

அல்லாஹ் உன்னையும் பிள்ளைகளையும் காப்பானாக. மறக்காதே, தம்பி குடித்திருந்தான் என்று வாப்பாவே கையெழுத்திட்டது உம்மாவுக்குத் தெரியாது. போனில் பேசும்போது கேட்டுவிடாதே.

உன் வாப்பா,
அலவிக்குட்டி