அந்தப் புத்தாண்டில் நடந்த பூசை

அன்பு மகளே,

நான் சொல்லச் சொல்லத் தச்சர் எழுதுகிறார். முப்பது வருடப் போர் ஒருவழியாக ஓய்ந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய புத்தாண்டு அன்று நம் கோயில் எந்தச் சபையிடம் இருந்ததோ, ஊரும் இனி அந்தச் சபைக்குத்தானாம். அன்று கோயிலில் இருந்த பெரியவர்களில் உயிரோடிருப்பவன் நான் மட்டுமே.

சாட்சி சொல்ல அதிகாரிகள் முன்னால் நிற்கும்போது மாவு ஆலைக்கார ஃபைட் காதைக் கடித்தான்: "வே பெருசு, லூத்தர் சபைன்னு சொல்லிரும். அதுல சேர்ந்து ஓடிப்போன உம்ம பொண்ணு வீடு திரும்பிரும்லா?"

சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தேன். அந்தப் புத்தாண்டன்றுதான் உனக்கு ஞானஸ்நானம். சாமியார் லத்தீனில் ஓத, நீ வீறிட்டு அழுதாய்.

"கத்தோலிக்கப் பூசைதான் ஐயா" என்றேன்.

களைப்பாக இருக்கிறது. பனி உருகியதும் உன்னிடமே வந்துவிடுகிறேன். நீ போன பாதையும் எனக்கு மறக்கவில்லை.

உன் அப்பா