அட்டையில் தெரிந்த ஜன்னல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா, எதற்கு இப்போது கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் வியாபாரப் பேச்சாகிவிடுகிறது, நடுவில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிடச் சொல்கிறாய். இதை அப்படி முடித்துவிடக் கூடாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் சின்ன வயசு போட்டோ எல்லாம் வேண்டும் என்று மருமகள் கேட்டாள் அல்லவா, அந்த வேலையாகத்தான் தொடங்கியது. பீரோவில் அப்பாவின் பழைய சட்டைக்கு அடியில் கறுப்பாக ஒரு ஹார்டு டிஸ்க் கிடந்தது, கேமரா காலத்துப் படம் மொத்தமும் அதில்தான். உன் தங்கை வந்து நம் நோட்டுக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டோக்களை அடுக்கி வைக்கிற ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். இறக்குமதி என்று அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. இறக்குமதியா, அதை எனக்கா சொல்லித்தருகிறாய், சரக்கு இறக்கியே தலை நரைத்தவள்டி நான் என்றேன். அவளும் லேசுப்பட்டவளா, அம்மா இந்தச் சரக்குக்குப் பேரம் பேச முடியாது, பேசாம உட்கார்ந்து பாரு, நகர்த்துன்னு இருக்கிறதைத் தொடாதே, நகல் எடுன்னு இருக்கிறதை மட்டும் அழுத்து என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கேபிள் கொஞ்சம் லூசு, அசைந்தால் நின்றுவிடும், அதனால் அடியில் ஒரு ரசீதுப் புத்தகத்தை முட்டுக் கொடுத்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒவ்வொரு படப் பெட்டிக்கும் வைத்திருந்த பெயர்களைப் பார்க்கவேண்டுமே, புதுசு, புதுசு இரண்டு, கடைசிப் புதுசு, எல்லாத்துலயும் புதுசு. ஒரே படம் மூன்று இடத்தில். பதினாலாயிரம் படம் வந்து இறங்கியது, பாதி நீங்கள் இரண்டு பேரும், மீதி அப்பாவுக்குப் பிடித்த மேகம்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம், எந்தப் பெட்டியில் போட்டிருந்தாலும் சரி, எடுத்த நாள், எடுத்த நேரம் பார்த்து வரிசையாக நிறுத்திவிடும். அப்படி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தபோது உன் தங்கையின் பதினாறாவது பிறந்தநாள் வந்தது. கேக்குக்கு முன்னால் அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாள், நீ பின்னால் அவள் தலைக்குக் கொம்பு வைக்கிறாய். அதற்கு நேர் முன்னால், அதே நாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பதினொரு படம். எல்லாம் நோட்டுப் புத்தகம். அந்த வருஷம் புதிதாக வந்த பளபள அட்டை. இதை யார் எடுத்தது என்று ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டை கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதில் கிடங்கின் பின்பக்க ஜன்னல் விரியத் திறந்து கிடப்பது கம்பி கம்பியாகத் தெரிகிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

உனக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லவேண்டியவள் நான்தான். அன்றைக்கு நீ நான்கு மணிக்கே கிடங்கைப் பூட்டிவிட்டு கேக் வாங்கப் போய்விட்டாய். ஐந்து மணிவாக்கில், நம்மிடம் மொத்தமாக நோட்டு வாங்குகிற பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை போன் செய்து, புது அட்டையைப் படம் எடுத்து உடனே அனுப்புங்கள், இன்றைக்கே முடிவு செய்யவேண்டும் என்றார். என்னிடம் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு பின்தெருவில் இருக்கிற கிடங்குக்கு ஓடினேன். பிளாஷ் அடித்தால் அட்டை முழுக்க வெள்ளையாகப் போகிறது, படமே விழவில்லை. வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்தேன். எடுத்து முடிப்பதற்குள் அந்த அம்மாளே மறுபடி போன், நாளைக் காலையில் நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்று. கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன், ஜன்னலைச் சாத்தாமல் விட்டுவிட்டேன். ராத்திரி மழை கொட்டியது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அடுக்கி வைத்த நோட்டுக் கட்டெல்லாம் ஊறி, கையில் எடுத்தால் கூழாக வழிந்தது. அதற்கப்புறம் அந்தப் படங்களை யார் பார்த்தார்கள், அப்பா என்றைக்கோ கேமராவிலிருந்து அப்படியே அள்ளி டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறார்.

கிடங்கில் வேலை செய்த ஆறு பேர், வாங்க வந்த அந்தத் தலைமை ஆசிரியை, அத்தனை பேர் நடுவில் உன்னை நிறுத்தி நான் என்னென்ன பேசினேன் என்பது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. நாலு ஜன்னலைச் சாத்தத் துப்பில்லாதவனிடம் கடையைக் கொடுத்தால் நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும் என்றேன். சாத்திட்டுதான்மா போனேன் என்று நீ மூன்று தடவை சொன்னாய். நான்காவது தடவை சொல்லவில்லை. அதற்கப்புறம் கிடங்குப் பக்கமே வரவில்லை, லீவுக்கு வந்தாலும் கடைக்குள் காலை வைக்கவில்லை, வேலை கிடைத்ததும் இவ்வளவு தூரமாகப் பார்த்துப் போனாய். பையனுக்கு வியாபாரம் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு வசதியாக இருந்தது.

நிஜமாகவே மறந்துவிட்டேனா, ஞாபகம் வரும்போதெல்லாம் தள்ளிவிட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, கேமராவில் நாள் தப்பாக இருக்கும் என்று எனக்கு நானே வாதாடினேன். கேக் படம்தான் பக்கத்திலேயே நிற்கிறதே, பிறந்தநாள் தப்பாகுமா. அடுத்து அந்தப் பதினொன்றையும் அழித்துவிட்டேன். ஆமாம், அழித்தேன். அந்த மென்பொருள் என்னைவிட யோக்கியம், அழித்ததை முப்பது நாள் ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறது. இரண்டு நாள் கடையில் ரசீதை எல்லாம் தப்புத் தப்பாகப் போட்டேன். மூன்றாம் நாள் திரும்ப எடுத்து வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவன் சாத்தியிருப்பான்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு என்றார். அப்படியானால் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று பாய்ந்தேன். நீ யாரைப் பேச விட்டே, இப்பவும் பாரு, தப்பு உன்மேல, கத்துறது என்கிட்ட என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக உன் அப்பா சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன்.

எத்தனை பேர் முன்னால் பேசினேனோ அத்தனை பேரிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன், அவருக்கு அந்தச் சம்பவமே சரியாக ஞாபகம் இல்லை, பரவாயில்லை, கேட்டுக்கொண்டார். பழைய ஆட்களில் இப்போதும் நம்மிடம் இருப்பது கிடங்கு அண்ணன் ஒருவர்தான். மற்றவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அன்றைக்கு ஜன்னலைத் திறந்து போட்டது நான்தான் என்றேன். அவர் அசரவே இல்லை. தெரியும்மா, தம்பி போறதுக்கு முன்னாடி கொக்கியை மாட்டிட்டு, அண்ணே நீங்களும் ஒருதடவை இழுத்துப் பாருங்கன்னு என்னைய இழுக்க வச்சுட்டுதான் போச்சு, கெட்டியா இருந்துச்சு என்றார். பக்கத்தில் கிடந்த நோட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன். சொல்றேன்னுதான் தம்பிகிட்ட சொன்னேன், வேண்டாம்ணே, அம்மா இருக்கிற கோபத்துல நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பிடுவாங்க, உங்களுக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு, நான் வீட்டுப் பிள்ளை, என்னை எங்கே அனுப்புவாங்கன்னு தம்பிதான் தடுத்துடுச்சு என்றார்.

பத்தொன்பது வயசில் நீ என்னைச் சரியாக எடைபோட்டிருக்கிறாய். அனுப்பித்தான் இருப்பேன். ஆனால் கடைசியில் வீட்டுப் பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கிறேன். ஆட்களைப் பார்த்த மாத்திரத்தில் யார் நம்பத் தக்கவர் என்று சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷமாகப் பெருமை பேசியவள், என் பக்கத்திலேயே நின்றவனை எடைபோடத் தெரியாமல் விட்டேன். போன மாதம் மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அத்தை, இவர் வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஜன்னலை எல்லாம் இழுத்துப் பார்க்கிறாரு, இப்போல்லாம் சாத்துன ஜன்னலைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிறாரு என்று. நானும் சேர்ந்து சிரித்தேன், என் பிள்ளை கெட்டிக்காரன் என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மருமகளிடம் நீ காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், நீ சரி என்றால்.

கடைக்குத் திரும்பி வா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை, அப்படிக் கேட்டால் அது மன்னிப்பு இல்லை, வியாபாரம். உன் சின்ன வயசுப் படங்களைத் தனியாக எடுத்து மருமகளுக்கு அனுப்ப உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பதினொரு படத்தை உனக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். நான் செய்தது தப்பு, மகனே. நீ சொன்னதை நம்பாதது முதல் தப்பு, உன்னை ஊர் முன்னால் நிறுத்திப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும். குளிர் அதிகம் என்றாளே, காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான்தான் போனை எடுப்பேன், அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல்லாதே. முக்கியமாக ஒன்று, பரவாயில்லைம்மா, அதெல்லாம் எப்பவோ நடந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. சாத்திட்டுதான்மா போனேன் என்று நான்காவது தடவை சொல். எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் சொல், நடுவில் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பாமல் போன
அம்மா