மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை

ஆகஸ்ட் 6, 1984. திங்கள். விடாத மழை.

இல்லை, நோட்டில் அதைப் பொய் என்று நினைத்து எழுதவில்லை. அவசரத்தில் எழுதினேன். இரண்டும் வேறு வேறு என்று மார்ச்சிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நூலகத்துக்கு மேற்கோள் அட்டவணையின் புதுத் தொகுதி. எறும்பளவு எழுத்து. யாருடைய கட்டுரையை யார் எடுத்துக்காட்டினார்கள் என்ற பட்டியல், அவ்வளவே. என் பெயருக்குக் கீழே, என் ஆய்வை வழிநடத்தும் சார் அடிக்கோலை வைத்து எண்ணினார்.

"பதினொண்ணு! எடோ, ஈ டிப்பார்ட்மென்டில் வேற ஆர்க்குண்டு?"

துறையில் வேறு யாருக்கும் இவ்வளவு இல்லையாம். பதினொன்றும் என் நொதிக் கட்டுரைக்கு; அதில் அவர் பெயரும் உண்டு. வெளிநாட்டு ஆய்வுக்கான என் விண்ணப்பத்தில் 'பதினொன்று' என்று அவர் கையாலேயே எழுதினார். கிடைத்தால் ஜனவரியில் பயணம்.

குடைக்கம்பி. மை. அம்மாவுக்குத் தைலம். மூன்றும் மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 7. செவ்வாய்.

துறை அலுவலகத்தில் தபால் தொலையும். அதனால் கட்டுரையில் அத்தாவின் மிளகுக் கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். நகல் கேட்டு வரும் அட்டைகளை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவார், தபால்தலை மேலே தெரிய. இன்று வந்ததை மட்டும் எழுத்து தெரிய, நட்டநடுவில்.

"மத்ததெல்லாம் அச்சு. இது கைப்பட எழுதுனது, தாயி."

அத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நின்றபடியே வாசித்தேன். ப்ராகிலிருந்து இவா என்ற மாணவி. நான் போன வருடம் அனுப்பிய கிருமியை நான்கு முறை வளர்த்தாளாம். டி.என்.ஏ.வை வெட்டும் நொதி ஒருமுறைகூட வரவில்லையாம். தன் கைதான் சரியில்லை போலும், எங்கே தவறுகிறது என்று சொல்லித்தர முடியுமா, தன் பட்டமே இதை நம்பி நிற்கிறதாம்.

பக்கத்துக் கிடங்கு கிளார்க் மேனோன் குனிந்து வாசித்தார். நிமிர்ந்து கத்தினார்.

"ராவுத்தரே, மதாம்மக்கு மோள்ட ட்யூஷன் வேணும்னு!"

வெள்ளைக்காரிக்கு ராவுத்தர் மகளிடம் பாடம் வேண்டுமாம். ஒரே சிரிப்பு. அத்தா எல்லாருக்கும் சாயா சொன்னார். எனக்கும் ஒன்று. குடித்தேன்.

ஆகஸ்ட் 9. வியாழன். வெயில், திடீரென்று.

என்ன நடந்தது, வரிசையாக.

கிருமி நம் காயல் சேற்றில் எடுத்தது. நொதியைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய் துறைக்கே ஒன்று. நான் சோதனை செய்ததற்கு முந்தைய வாரம், உடன் ஆய்வு செய்யும் லீலா அதில் வேறொரு கிருமியின் நொதியைப் பிரித்திருந்தாள். மூன்று முறை கழுவவேண்டும். அன்று சாயங்காலம் சார் மாநாட்டுக்கு ரயில் ஏறுகிறார், கையில் முடிவு வேண்டும். ஒருமுறை கழுவினேன். நோட்டில் 3 என்று எழுதினேன்.

இந்த மார்ச்சில் புதுக் குழாய் வந்தது. திரும்பச் செய்தேன். எதுவும் வெட்டவில்லை. அன்று வெட்டியது குழாயில் தங்கிய லீலாவின் நொதி மிச்சம்.

அந்த 3 அவசரமா? கை நடுங்காமல் எழுதிய 3.

பதினொன்றில் நம் நூலகத்தில் கிடைத்தவை நான்கு. நான்கையும் வாசித்தேன். மூன்றில் 'எங்களுக்கு இந்த நொதி கிடைக்கவில்லை'. அவற்றையும் சேர்த்துத்தான் பதினொன்று.

சாரிடம் சொன்னேன், அந்த 3 உட்பட. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது ஆ குட்டியுடெ கையுடெ குழப்பம். நீ மிண்டாதிரி."

கோளாறு அந்தப் பெண்ணின் கையிலாம், என்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார். மார்ச்சிலிருந்து அதைத்தானே செய்கிறேன்.

ஆகஸ்ட் 10. வெள்ளி.

ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா கடைக்கு வந்தார். சட்டையில் அத்தர். அட்டையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"மேனோன் அப்டி சொல்லலியே."

"அவரு சிரிப்புக்குச் சொன்னது, அத்தா. அவ எங்கிட்ட பாடம் கேக்கல. தப்பு நான் பண்ணினது. தன் கை சரியில்லன்னு அவ உக்காந்திருக்கா."

கிண்ணத்திலிருந்த மாதிரி மிளகை அத்தா அளைந்துகொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் சாயா வாங்கிக் குடுத்தேனே" என்றார்.

திட்டியிருக்கலாம்.

பிறகு கேட்டார்: "வெளிநாடு?"

"உண்மைய எழுதினா கிடைக்காது. சாரும் இனி பேசமாட்டார்."

எழுந்தார். மேசை மேலிருந்த தராசை, ரசீதுக் கட்டை, மைக்கூட்டை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவைத்தார். கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். கை உள்ளே விட்டு அந்த அட்டையை மட்டும் எடுத்தேன்.

"மத்ததும் எடுக்கணுமா?"

தலையாட்டினேன். எல்லாவற்றையும் எடுத்தோம். அட்டைகள் இருந்த இடத்தில் மரம் வெளுக்காமல் கறுப்பாக, சதுரம் சதுரமாக.

ஆகஸ்ட் 11. சனி. மீண்டும் மழை.

இரண்டு கடிதங்கள். இவாவுக்கு முதல் வரி: தவறு உங்கள் கையில் இல்லை. கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு: குழாயைக் கழுவியது மூன்று முறை அல்ல, ஒருமுறை.

மட்டாஞ்சேரி தபாலாபீஸில் போட்டேன். சாருக்கான கார்பன் நகலைப் பையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போக ஒன்பதேகால் படகைப் பிடித்தேன்.